திவான் இருந்த இடத்தில் கடல்

ஹாலில் ஒரு கடலை வைத்துவிடுவது என்று அயூப் முடிவு செய்தார். சின்னக் கடல்தான். மூன்றடி நீளம். அதில் அலை கிடையாது, கப்பல் கிடையாது. முக்கியமாக, கரையில் படுத்துக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்க்கும் மைத்துனன் கிடையாது.

மைத்துனன் பெயர் சுஃபியான். மனைவி ஷாயிஸ்தாவின் தம்பி. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. அங்கே ஓர் அறையில் இன்னும் நாலு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு வாசம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையோடு பொழிச்சலூருக்கு வந்து ஹாலில் உள்சுவரோரம் கிடக்கும் திவானில் சாய்ந்தான் என்றால், திங்கட்கிழமை காலைதான் எழுந்திருப்பான். கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். இவனோ தட்டில் இருக்கும் கடைசி சமோசாவைக்கூட மச்சானுக்கு என்று மிச்சம் வைப்பவன்.

அந்த வீட்டில் அவரை மச்சான் என்று கூப்பிட இரண்டு பேர். ஷாயிஸ்தா கூப்பிட்டால் வேலை வருகிறது என்று அர்த்தம். சுஃபியான் கூப்பிட்டால் சுஃபியான் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

"பேசாம அவன் நம்மகூடவே இருந்துடட்டும் மச்சான். சின்ன ரூம் சும்மாதானே கிடக்கு" என்று ஷாயிஸ்தா அடிக்கடி சொல்வாள். சின்ன ரூம் சும்மா இல்லை. பல்லாவரத்தில் அயூப் வைத்திருக்கும் கடைக்குப் போகவேண்டிய பெல்ட்டும் தோல்பையும் அதில் மூட்டை மூட்டையாகத் தூங்கின. "பாக்கலாம்" என்பார் அயூப். முடியாது என்பதை மனைவியிடம் அவர் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தார்.

கடல் யோசனை குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தபோது வந்தது. வரவேற்பறையில் கடல்மீனும் பவளமுமாக ஒரு கண்ணாடித்தொட்டி. நீல வெளிச்சம். தண்ணீருக்குள் ஏதோ பூ மாதிரி ஒன்று மூடி மூடி விரிந்தது. அதன்மேல் ஒரு மீன் எங்கேயும் போகாமல் போய்க்கொண்டிருந்தது. பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டும் அயூப் எழுந்திருக்கவில்லை. எந்தப் பல் வலித்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அன்றைக்கே வீட்டில் பேச்சை எடுத்தார்.

"வெயில் படாத சுவரா இருக்கணுமாம் ஷாயிஸ்தா. அதிரக் கூடாதாம்."

"அப்படி ஒரு சுவர் நம்ம வீட்டுல எங்க இருக்கு?"

அயூப் வீடு முழுக்க நடந்து, சுவர்களைத் தட்டிப் பார்த்து, களைத்துப்போனவர் மாதிரி திவானில் வந்து உட்கார்ந்தார். "அடடா, இந்த இடம்தான் சரியா வருது."

"தலைக்கு மேல ப்ளேன் போகுதே, அது அதிராதா?"

"அது மேல போகுது. மீன் கீழதானே இருக்கப்போகுது."

"அப்ப தம்பி எங்க படுப்பான்?"

"அட, ஆமால்ல! அதை நான் யோசிக்கவே இல்லையே."

ஷாயிஸ்தா அவரைப் பார்த்தாள். அவள் பம்மலில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு டீச்சர். எழுதின நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. ஆனால், "சரி, வைங்க மச்சான்" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அயூப்புக்கு ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது. பிறகு சந்தோஷம் வந்து பயத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்துகொண்டது.

திவான் மொட்டைமாடி ஷெட்டுக்குப் போனது. தொட்டி வந்தது. உப்பு கலந்த தண்ணீர், மணல், துளைத்துளையாகப் பவளக்கல், மேலே நீல விளக்கு. மீனை உடனே விடக்கூடாது, தண்ணீர் பழக வேண்டும் என்றார்கள். அயூப் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கற்களைப் பார்த்தார்.

மாடி வீட்டு ராஜகோபாலன் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாய், கல்லு வளர்க்கறீங்களா?"

"தண்ணி பழகணும் சார்."

"எதுக்குப் பழகணும்?"

"மீனுக்கு."

"மீன் எங்க?"

"தண்ணி பழகினப்புறம் வரும்."

ராஜகோபாலன் கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அயூப்பைப் பார்த்தார். "ரிட்டயர் ஆன புதுசுல நானும் இப்படித்தான் இருந்தேன். சரியாயிடும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் படியேறினார்.

வெள்ளிக்கிழமை சுஃபியான் வந்தான். "மாஷா அல்லா, சூப்பர் மச்சான்" என்றான். திவான் எங்கே என்று கேட்கவில்லை. தரையில் பாயை விரித்துப் படுத்தான். சனிக்கிழமை கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு பஸ் ஏறிப் போனான். அடுத்த வாரம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை அயூப் நெடுநாள் மறக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. ஜன்னல் திரையை மூடியதும் நீல வெளிச்சம் மொசைக் தரையில் ஊர்ந்து வந்து அவர் கால்விரல்களைத் தொட்டது. விமானம் ஒன்று கூரைக்கு மேலே தாழ்ந்து போனபோது தொட்டியின் மேல்தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. சுவரில் ஒளி வலை மாதிரி ஆடி நின்றது. நாற்காலி கொஞ்சம் மிதப்பதுபோல இருந்தது. எங்கேயோ ஷாயிஸ்தா பாத்திரம் கழுவும் சத்தம், மிகவும் மேலே, கரையிலிருந்து கேட்டது.

பிறகு மீன் பார்க்க இரண்டு பேரும் பல்லாவரத்துக்குப் போனார்கள். கடைக்காரர் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். அப்படி ஒரு நீலத்தை அயூப் அதற்கு முன்னால் கனவில்தான் பார்த்திருந்தார்.

"டாம்சல் சார். கலர் பாருங்க. சாகவே சாகாது."

"வேணாம்" என்றாள் ஷாயிஸ்தா. "அது மத்ததை அடிக்கும்."

"இத்துணூண்டு. இது யாரை அடிக்கும்?"

"எங்க கிளாஸ்ல அடிக்கறதெல்லாம் இத்துணூண்டுதான்."

யாரை யார் பக்கத்தில் உட்காரவைத்தால் வகுப்பு உருப்படும் என்பது அவள் தொழில். மீனையும் அப்படியே பார்த்தாள். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. அது தன் மூலையோடு இருந்துகொள்ளும். முன்பாதி கத்தரிப்பூ நிறம், பின்பாதி மஞ்சளாக ஒரு கிராமா. வம்புக்குப் போகாது. வெள்ளை உடம்பும் வாலில் நெருப்புமாக ஒரு பயர்ஃபிஷ். நிழல் விழுந்தாலே வளைக்குள் ஓடிவிடும்.

"கூச்சப்படறதை மொதல்ல விடணும் மச்சான். சண்டைக்காரனைக் கடைசியா விடணும். மொதல்ல வர்றவன் வீடு மொத்தமும் தன்னோடதுன்னு நெனச்சுப்பான். அடுத்த வாரம் இந்த பயர்ஃபிஷ்ல ஆரம்பிப்போம்."

"சரி" என்றார் அயூப். மறுநாள் கடையிலிருந்து வரும்போது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் அந்த நீலம்.

ஒரு வாரம் அது தனியாக நீந்தியது. ஒவ்வொரு கல்லையும் சுற்றி வந்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் நுழைந்து பார்த்தது. அயூப்புக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. ஒரு வீடு, ஒருத்தன். எவ்வளவு நிம்மதி.

மற்ற மீன்கள் வந்ததும் நீலம் வேலையை ஆரம்பித்தது. கோமாளி ஜோடியை மேல்மூலைக்கு விரட்டியது. கிராமாவின் வாலில் ஒரு கடி. பயர்ஃபிஷ் பம்புக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. தீனி போட்டாலும் வெளியே வரவில்லை.

"அது பட்டினி கிடக்கு மச்சான்."

"பழகிடும்."

"எப்படிப் பழகும்? பக்கத்துல வந்தாலே தொரத்துது. இவ்ளோ பெரிய தொட்டி, அது ஒண்ணுக்கு எதுக்கு?"

"மொதல்ல வந்தது அதுதானே. அது இடம்." அயூப்பின் குரலில் தேவைக்குமேல் நியாயம் இருந்தது.

ஷாயிஸ்தா தொட்டியை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "மீனைத்தானே சொல்றீங்க?"

"பின்ன வேற யாரை?"

"சும்மா கேட்டேன். இதுக்கு ஒரு வழி இருக்கு. கல்லையெல்லாம் எடுத்து, இடம் மாத்தி அடுக்கணும். எது யாரோட பொந்துன்னு யாருக்கும் தெரியாமப் போயிடணும். அதுவரைக்கும் நீலத்தைப் பிடிச்சு தனியா வைக்கணும்."

"நல்ல ஐடியா. நீயே செஞ்சிடேன். நாளைக்கு எனக்குக் கடையில பெரிய ஆர்டர்."

"நாளைக்கு எனக்கு லீவுதான். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க மச்சான்."

மறுநாள் சாயங்காலம் அயூப் திரும்பியபோது கதவு திறந்தே கிடந்தது. ஹாலில் வேறு விளக்கு இல்லை. தொட்டி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இதுவரை அவர் பார்க்காத ஒரு கடல் அது. குன்று இருந்த இடத்தில் பள்ளத்தாக்கு, பள்ளம் இருந்த இடத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு அடியில் கோமாளி ஜோடி அசைந்துகொண்டிருந்தது. பயர்ஃபிஷ் தொட்டியின் நட்டநடுவில், வால் விரிய, தொங்கவிட்ட தீக்கொழுந்துபோல நின்றது. அயூப் சொக்கிப்போனார். பார்வையை எடுக்காமலே பின்னால் கையை நீட்டித் தன் நாற்காலியைத் தேடினார். கையில் காற்றுதான் அகப்பட்டது.

திரும்பிப் பார்த்தார். டிவி எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. சாப்பாட்டு மேஜை ஜன்னலோரம் நின்றது. பீரோ இருந்த இடத்தில் பிரிட்ஜ். சின்ன ரூமின் கதவு திறந்திருந்தது. மூட்டைகளெல்லாம் பரணில் ஏறியிருந்தன. உள்ளே, துவைத்த விரிப்போடு திவான். அதன் தலைமாட்டில் பெரிய பெட்டி, இஸ்திரி போட்ட சட்டைகள், மின்விசிறி ஒன்று.

அவருடைய நாற்காலி அங்கேதான் இருந்தது. அதில் சுஃபியான் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நீ எப்ப வந்தே?"

"காலையிலேயே வந்துட்டேன் மச்சான். அங்க ரூமைக் காலி பண்ணிட்டேன். மேஜையெல்லாம் தூக்க ஆள் வேணும்னு அக்கா கூப்பிட்டாங்க."

அயூப் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஷாயிஸ்தா, என் கைலி எங்க?"

"தம்பியக் கேளுங்க மச்சான்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "துணியெல்லாம் அவன்தான் அடுக்கினான். அப்புறம், நீலத்தை இப்பதான் தொட்டியில விட்டேன். சத்தமே இல்ல பாருங்க. கடைசியா வந்தா எல்லாரும் அடக்கமாத்தான் இருக்காங்க."

அயூப் பார்த்தார். நீல மீன் கண்ணாடியோரம் நின்றிருந்தது. முன்னால் கொஞ்சம் போயிற்று. எதிரே கிராமா வரவும் வழி விட்டு ஒதுங்கி, பழைய இடத்துக்கே திரும்பியது. ஒரு விமானம் மேலே போனது. தண்ணீர் சிலிர்த்தது. கழற்றிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பு ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் ஹாலின் நடுவில் நின்றார்.

சுஃபியானுக்கு மனம் தாங்கவில்லை. ஓடிவந்து செருப்பை வாங்கிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் துடைத்துவிட்டான்.

"ஏன் மச்சான் கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கறீங்க? உக்காருங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க."