சும்மா போகாத சைக்கிள்

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கருப்புசாமி தன் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலிருந்தும் காற்றைப் பிடுங்கிவிட்டார். 'புஸ்ஸ்' என்று காற்று இறங்க இறங்க, நாலு நாளாக நெஞ்சில் இருந்த பாரமும் கூடவே இறங்கியது.

"ஏனுங்கப்பா, பஞ்சருங்களா?" மகள் செல்வப்பிரியா பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு. ரெண்டும் போயிருச்சு. இன்னிக்கு அப்பன் வர்றதுக்கில்ல."

"அதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? சிஜு அண்ணன் எட்டுச் சைக்கிளு கொண்டாறாருங்க. ஒண்ணு உங்களுக்குத்தான். கியர் வெச்சது!"

கருப்புசாமிக்குக் கியர் என்றால் என்னவென்று தெரியாது. பெடலே அவருக்குக் கணுக்காலை இடிக்கிற சாமான் என்றுதான் தெரியும். மனிதருக்கு ஐம்பத்தாறு வயது. சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இதை அவர் ஊரான எலப்புள்ளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். சைக்கிள் இல்லாமல் அவரை யார் பார்த்திருக்கிறார்கள்? காலையில் இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். திரும்பும்போது கேரியரில் புல்லுக்கட்டு. லோடு ஏற்றிய சைக்கிளை உருட்டத்தானே செய்வார்கள்? அதுபோக, மனைவி பூவாத்தாளுக்கு ஒரு வண்டி சும்மா போனால் பொறுக்காது. அவர் முடிவெட்டப் புறப்பட்டாலும் ஒரு தவிட்டு மூட்டையைக் கொண்டுவந்து கேரியரில் கட்டிவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் பட்டுவேட்டியோடு கிளம்பினால் ஒரு வாழைத்தார். வரும்போது பந்தியில் விழுந்த இலையையாவது மாட்டுக்கென்று கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவளுடைய இந்தக் கஞ்சத்தனம்தான் தன் மானத்தைக் காப்பாற்றுகிறது என்று, பழனிமலை இருக்கிற திசையைப் பார்த்து அடிக்கடி கும்பிடு போட்டுக்கொள்வார்.

எல்லாம் ஒரே ஒரு பொய்யால் வந்த வினை. கல்யாணத்தன்று மாமனார் புதுச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஓட்டுவீங்கல்லங்க மாப்ள?" என்றார். பக்கத்தில் பூவாத்தாள், கழுத்தில் மஞ்சள் காயாத தாலியோடு நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று சொல்ல யாரால் முடியும்? "பறப்பனுங்க மாமா!" என்றுவிட்டார். இருபத்தெட்டு வருஷமாக உருட்டிக்கொண்டிருக்கிறார். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பூவாத்தாள் முகம் ஒரு நொடி சுண்டினால் அவரால் தாங்க முடியாது.

மகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பக்கத்து ஊர்க் கஞ்சிக்கோட்டில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 'வண்டி வராத வழி' என்று ஒரு சைக்கிள் சுற்றுலா ஆரம்பித்திருந்தாள். வாய்க்கால் மேடு, தாமரைக்குளத்துக் கரை, வயலுக்கு நடுவே மண்பாதை, அப்புறம் கோரையாற்றோரம் என்று பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் கிடையாது, லாரி கிடையாது, ஹாரன் சத்தம் கிடையாது. புல்லறுக்கப் போய்ப் போய் அந்த வழியில் ஒவ்வொரு மடையும் அப்பாவுக்கு அத்துப்படி. ஆகவே போனில் விளம்பரம் போட்டுவிட்டாள்: 'வழிகாட்டி கருப்புசாமி, இருபத்தெட்டு வருட சைக்கிள் அனுபவம்.'

இன்றைக்கு முதல் பயணம். இது கெட்டால் பெங்களூருக்கு வேலை தேடிப் போய்விடுவதாக அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தது, கருப்புசாமி காதிலும் விழுந்திருந்தது.

ஏழு மணிக்கு வேன் வந்தது. கொச்சியிலிருந்து ஆறு விருந்தாளிகள் இறங்கினார்கள். மலையாளி மெக்கானிக் சிஜு சைக்கிள்களை இறக்கி வரிசையாக நிறுத்தினான். பூவாத்தாள் வழக்கம்போல் ஒரு பருத்திக்கொட்டை மூட்டையோடு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, போறது போறீங்க, இதையும் வெச்சுக்குங்க."

கருப்புசாமி ஆசையோடு திரும்பினார். புதுச் சைக்கிளில் கேரியரே இல்லை!

"ஏப்பா, மூட்டைய எங்க வெக்கறது?"

"மூட்டையோ?" சிஜு சிரித்தான். "குழப்பமில்ல சேட்டா! இதுல நம்ம ஏறி உக்காந்தாப் போதும்."

கருப்புசாமி உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். "ஐயோ, முட்டி புடிச்சுக்கிச்சே!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வந்த ஆறு பேரில் ஒருவர் டாக்டர் பிலோமி. அதுவும் எலும்பு டாக்டர். அந்த அம்மாள் அவர் காலை மடக்கினார், நீட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"எல்லாரும் இங்க வந்து பாருங்க!" என்றார் டாக்டர். "இருபது வயசுப் பையனோட முட்டி! தினம் சைக்கிள் ஓட்டினா இப்படித்தான் இருக்கும்."

ஆறு பேரும் கருப்புசாமியின் முட்டியைப் படம் பிடித்தார்கள்.

"பாலு!" என்று எழுந்தார் கருப்புசாமி. "பாலு ஆரு கொண்டு போறது? சொசைட்டி மூடீருவாங்க!"

"நான் கொண்டுபோய் ஊத்தீட்டே வந்துட்டனுங்க மச்சா," என்றான் மாரப்பன். பூவாத்தாளின் தம்பி. பிறந்ததிலிருந்து எந்த வேலையையும் சொன்ன நேரத்துக்குச் செய்தறியாதவன், இன்றைக்கென்று பார்த்து விடியுமுன்பே செய்து தொலைத்திருந்தான். "நீங்க கவலையில்லாம ஓட்டுங்க."

கருப்புசாமிக்கு வேர்த்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"வாய்க்காமேட்டுல இப்ப சாரையும் நாகமும் பின்னிக்கிட்டுத் திரியற காலமுங்க. சைக்கிள்ல போனா ஆகாது. எல்லாரும் மெல்ல நடந்து..."

"பாம்பா!" ஒரு பெண்மணி பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். அவர் கணவரும் ஏறினார். இன்னும் இரண்டு பேர் வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வப்பிரியா தலைக்கவசத்தின் வாரைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பெற்ற வயிறு மட்டும்தானா எரியும்? கருப்புசாமி பதறிப்போனார்.

"அம்மிணி, இறங்குங்க, இறங்குங்க! பாம்புமில்ல பல்லியுமில்ல! நான் முன்னாடி ஓட்டீட்டுப் போறன், நீங்க பொறகால வாங்க. எது வந்தாலும் மொதல்ல எனக்குத்தான்!"

எல்லாரும் கை தட்டினார்கள். வேனிலிருந்து இறங்கினார்கள். கருப்புசாமி அப்புறம்தான் தான் சொன்னதை யோசித்துப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

அதோடு விட்டதா? டாக்டர் பிலோமிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "வீட்டுக்காரம்மாவைப் பின்னால உக்கார வெச்சு ஓட்டுங்க. நல்ல படமா வரும்!"

"கேரியர் வேன்ல உண்டு!" என்று சிஜு குதித்து ஓடினான். ஐந்தே நிமிஷத்தில் மாட்டியும் விட்டான். இத்தனை நேரம் ஏங்கின கேரியர் வந்துவிட்டது. மூட்டைக்குப் பதிலாக மனைவி ஏற வேண்டியிருந்தது.

"வேண்டாங்க, எனக்கு அடுப்புல வேலை கெடக்குது," என்று பூவாத்தாள் அவசரமாகப் பின்வாங்கினாள். "நான் எதுக்குங்க? எனக்கு இந்த ஆசையெல்லாம் இல்லீங்க." தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிந்த தலை கருப்புசாமியை உலுக்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷம்! ஊரில் ஒவ்வொருத்தியும் புருஷன் முதுகைப் பிடித்துக்கொண்டு கொடும்புக் கோயில் தேருக்குப் போனபோது, இவள் மூட்டைக்குப் பின்னாலேயே நடந்தாளே. ஆசை இல்லையாமே! இருந்த ஆசையைக் கொன்றது யார்? தன் பவுசு ஒன்றுக்காக இவளை இப்படி நடக்கவைத்துவிட்டோமே என்று நொந்துபோய் அவள் பக்கம் திரும்பினார்.

"பூவாத்தா," என்றார். குரல் உடைந்துவிட்டது. "எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது புள்ள. கல்யாணத்தன்னிக்கு உங்கப்பங்கிட்டச் சொன்னது பொய்யி. ஒரு நாளும் ஏறுனதில்ல. உன்ற மொகத்தப் பாத்துச் சொல்லத் தைரியம் வர்ல."

சிஜுவின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. செல்வப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். விருந்தாளிகள் சட்டென்று ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

பூவாத்தாள் அவர் கிட்டே வந்தாள். முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் அதே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"இதுக்குப் போயா அழுவீங்க? நீங்க வழியச் சொல்லீட்டு நடங்க. நான் முன்னாடி போறனுங்க."

வரிசையில் நடுத்தடி தாழ்ந்திருந்த ஒரு சைக்கிளை எடுத்தாள். இரண்டடி தள்ளினாள். ஏறினாள்.

ஏறியவள் போய்விடவில்லை. கருப்புசாமி நடக்கிற வேகத்துக்கு ஓட்டினாள். அவர் நின்றால் அவளும் ஹாண்டிலை லேசாக அசைத்துக்கொண்டே நின்றாள். கால் தரையில் படவில்லை. வாய்க்கால் மேட்டில் அந்த ஊர்வலம் ஆமை வேகத்தில் போயிற்று. ஒருவரும் குறை சொல்லவில்லை. பாம்புக்குப் பயந்த பெண்மணி குளத்தில் நாற்பத்தோரு கொக்கு எண்ணினார். தாமரை இலையில் கால் மாற்றி மாற்றி ஓடிய குருவியைக் கருப்புசாமி காட்ட, ஆறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அடுத்த மாசத்துக்கு இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வருவதாக டாக்டர் சொல்ல, செல்வப்பிரியா அழுகையும் சிரிப்புமாகப் போனில் குறித்துக்கொண்டாள்.

"வேகமா யாரும் ஓட்டலாம் சேட்டா," என்றான் சிஜு. "ஆள் நடக்கற வேகத்துல, கால் ஊனாம ஓட்டறதுதான் வித்தை."

கருப்புசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. பூவாத்தாள் பத்தடி முன்னால், முதுகு நிமிர்ந்து, சின்னப் பெண்ணைப் போலப் போய்க்கொண்டிருந்தாள். டீ பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்த மாரப்பனை அவர் மெல்ல இடித்தார்.

"ஏப்பா, உங்கக்கா எனக்குத் தெரியாம எப்பச் சைக்கிளு கத்துக்கிட்டா?"

"கல்யாணத்துக்கு முந்தியே எங்கூர்ல அவளுக்குச் சோடி கெடையாதுங்க மச்சா," என்றான் மாரப்பன். "சீர்ல வந்த சைக்கிளே அவ ஓட்டறதுக்குன்னு அப்பங்கிட்ட அடம்புடிச்சு வாங்குனதுதான், மறுநாளு நீங்க அத உருட்டறதப் பாத்துட்டு, 'அவுருக்குத் தெரியாதது எனக்கும் தெரிய வேண்டாம்'னு நிறுத்தீட்டு, அன்னிக்கிருந்து கேரியர்ல மூட்டையக் கட்டி உடறவ, இன்னிக்குத்தானுங்க மறுக்கா ஏறுறா!"