சேரன்மகாதேவியில் ஏறிய ஆடு

யாராவது கையைக் காட்டினால் நிறுத்தாமல் போக எனக்குத் தெரியாது. கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். அந்தக் காலால்தான் என் தங்கச்சியின் படிப்பை மிதித்தேன்.

நான் எட்டாம் வகுப்பு. (அதையும் முடிக்கவில்லை.) அப்பா போன பிறகு மினி லாரி என் கைக்கு வந்தது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் ஏற்றி, தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் இறக்குவேன். தங்கச்சி கிருபா எம்.பி.ஏ. படித்தாள். சப்ளை செயின் மேனேஜ்மெண்ட். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"சரக்கு எப்படி நேரத்துக்குப் போய்ச் சேருதுன்னு படிக்கது அண்ணே."

"அதுக்கா ரெண்டு வருசம்?" என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

கடைசியில் அவள் ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. என் வண்டியையே எடுத்துக்கொண்டாள். மூன்று மணி நேர வழிக்கு நான் ஐந்து மணி நேரம் எடுக்கிறேன் என்று கண்டுபிடித்தாள். எங்கும் நிற்காமல் போனால் ஏழு மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குச் சேரலாம் என்று எழுதினாள். அதை ஒருநாள் ஓட்டிக் காட்ட வேண்டும். அவளுடைய பேராசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் துறைமுகத்தில் சொல்லி வைத்திருந்த வேலை.

"அண்ணே, எங்கனயும் நிக்கப்படாது. நான் குடோன் வாசல்ல வாட்சைப் பாத்துக்கிட்டே நிப்பேன்."

"சரி."

"யாரு கையக் காட்டினாலும்."

"சரின்னேம்லா."

அன்றைக்கு ஏழு மணிக்குச் சரியாகக் கிளம்பினேன். சேரன்மகாதேவி முக்கில் தாசையா அண்ணாச்சி நின்றார். எங்கள் சர்ச்சில் மணி அடிக்கிறவர். ஒரு கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கடா. இன்னொரு கை மேலே.

வண்டி நின்றது.

"ஏலே சாலமோன், சாயங்காலம் பாளையங்கோட்டைல அசனம். ஆட்டக் கொண்டு விடணும். போற வழிதானலே?"

அசனம் என்றால் சர்ச்சில் சபை மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்குப் போகிற ஆட்டை ஏற்ற மாட்டேன் என்று எந்த வாயால் சொல்ல? தார்ப்பாயை ஒதுக்கி, ஆட்டையும் அவரையும் அப்பளப் பெட்டிகள் மேல் ஏற்றினேன். பேராசிரியர் காகிதத்தில் எழுதினார்.

"இது நின்னதுல சேராது சார். ஆள் ஏத்தினது" என்றேன்.

அதையும் எழுதினார்.

பத்தமடை வந்தது. பேராசிரியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"தம்பி, இங்கன நல்ல கோரைப்பாய் கிடைக்கும்லா? வீட்டுல ரொம்ப நாளாச் சொல்லுதா. அஞ்சு நிமிசம். போற வழிதான?"

(இவருமா!)

பாய்க்காரர் வீட்டில் அவருக்கு எந்த நிறமும் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் போனது. திரும்பி வந்தால், வாய்க்கால் ஓரம் நின்ற என் வண்டி மேல் தாசையா அண்ணாச்சி. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் என் வாளி.

"என்ன அண்ணாச்சி செய்யுதீரு?"

"ஒண்ணுமில்லடே. ஆடு பெட்டி மேல மோண்டுட்டு. திங்கிற சாமானாச்சேன்னு நல்லா அலசி விட்டுட்டேன். எட்டு வாளி."

அப்பளத்தை. எட்டு வாளி.

குடோனில்தான் பாக்கெட் போடுவார்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வெறும் காகிதம் சுற்றித்தான் போகும். ஒரு பெட்டியைத் திறந்தேன். அப்பளம் இல்லை. உளுந்து மாவு இருந்தது. எல்லாப் பெட்டியிலும் அதுதான். வண்டியில் நனையாமல் இருந்தது ஆடு ஒன்றுதான்.

திரும்பியிருக்கலாம். ஆனால் கிருபா வாசலில் நிற்கிறாளே. பாளையங்கோட்டையில் ஆட்டையும் அண்ணாச்சியையும் இறக்கினேன். பேராசிரியர் பாயை முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சேர்ந்தோம். கிருபா வாட்சைப் பார்க்கவில்லை. வண்டி சொட்டுவதைப் பார்த்தாள். ஒரு பெட்டியைத் திறந்து விரலை வைத்தாள். விரல் ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, சரக்கு முன்னால போறதத்தான் ரெண்டு வருசம் படிச்சேன். மாவாத் திரும்பிப் போறதுக்குப் பாடம் கிடையாது."

சொல்லிவிட்டுக் குடோன் படியில் உட்கார்ந்து அழுதாள். நான் வண்டியைக் கழுவினேன். வேறு என்ன செய்ய?

பேராசிரியர் கையெழுத்துப் போடவில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார். துறைமுக வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. அப்பளக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பாய் விஷயத்தை நான் கிருபாவிடம் சொல்லவில்லை. அந்த ஆளின் கையெழுத்து இன்னும் வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்துப் புதுத் திட்டம் எழுதினாள். ஏழு மணிக்குக் கிளம்பிப் பதினொரு மணிக்குச் சேரவேண்டும். அதில் வழியை வரைந்திருந்த படத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓர் ஆடு.

"இது என்னம்மா?"

"கையக் காட்டுறவங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கேன். அந்த ஆடு நீதான்."

அந்தத் திட்டம் தேறியது. அன்றைக்கு நாலு பேர் கை காட்டினார்கள். நாலு பேரையும் ஏற்றினேன். பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது அவள் திருநெல்வேலியில் ஒரு மருந்துக் குடோனில் இருக்கிறாள். துறைமுகம் இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் வீட்டில் எனக்கு அப்பளம் வைத்தால், தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்ச் செம்பை உடனே எடுத்துவிடுவாள்.

"அண்ணன் அப்பளம் திங்கான். தண்ணியத் தள்ளி வைங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அப்பளம் என் தொண்டையில் நிற்கும். தண்ணீர் கேட்க மாட்டேன்.