காது மெக்கானிக் கடகடப்பைக் கேட்ட படலம்

வாழ்க செவி! வாழ்க அச்செவியைத் தாங்கிய தலை! வாழ்க அத்தலைமேல் கவிழ்ந்திருக்கும் எண்ணெய்க்கறைத் தொப்பி! கிரீஸ் மணக்கும் கரத்தினர், ஸ்பேனர் ஏந்திய தோளினர், இடமீசையினும் வலமீசை அரை விரற்கடை நீண்டவர், முப்பத்தோராண்டு இஞ்சின்களோடு பொருதும் ஒருகாலும் புறங்காட்டாதவர், ஊரார் சூட்டிய பட்டத்தால் ‘காது மெக்கானிக்’ எனப் பெயர் விளங்கியவர், அப்பெருமகனார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி தொடங்கிப் பதினொன்று பத்து வரை வீடியோ அழைப்புச் செயலியோடு ஆற்றிய அரும்போரை உரைக்கப் புகுகின்றேன். கேட்பீராக. கேட்க மனமில்லாதார் எழுந்து போகலாம், எனக்கொன்றும் நட்டமில்லை.

அச்செவியின் பெருமையை என்னென்று சொல்வேன்! தெருமுனையில் வண்டியொன்று திரும்பும்போதே, குனிந்த தலை நிமிராமல், “மூணாவது பிளக் போச்சு” என்பார். வண்டிக்காரர் பட்டறை வாசலில் இறங்கி நோயைச் சொல்ல வாயெடுக்கும் முன்னரே புதிய பிளக் மேசைமேல் தயாராகக் கிடக்கும். பெல்ட்டின் கீச்சொலியையும் பேரிங்கின் முனகலையும் சைலன்சர் ஓட்டையின் பொருமலையும் தனித்தனியே பிரித்தறியவல்ல அந்தச் செவிக்கு ஒரேயொரு குறை உண்டென்பார் அவருடைய இல்லத்தரசியார். பட்டறை மேசையில் மூக்குக்கண்ணாடி அணிந்து வேலைச்சீட்டு எழுதும் அவ்வம்மையார் “ஏங்க” என்று ஏழு முறை அழைத்தால், எட்டாம் முறையில்தான் அது திறக்கும். இதை இப்போது பெரிதுபடுத்த வேண்டாம், மனத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகையாருக்கு ஒரே மகள். மாட்டு டாக்டர். ஆறு மணி நேரப் பயணத்துக்கு அப்பாலுள்ள ஓர் ஊரில் பண்ணை பண்ணையாகச் சென்று பசுக்களின் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்பது அவள் பணி. காது அந்தக் குடும்பத்துச் சொத்து போலும். போன மாதம் அவள் வேலைக்குப் புறப்பட்டபோது, தந்தையார் அவளுக்கென்று தம் பழைய காரை நட்டு நட்டாகக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டி, பண்ணைப் பாதையில் கல் தெறித்து இஞ்சினைக் காயப்படுத்திவிடலாகாதென்று, அதன் அடிவயிற்றில் இரும்புக் கவசத்தகடு ஒன்றையும் நான்கு போல்ட்டுகளால் தம் கையாலேயே பொருத்தினார். நான்காவது போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த வேளையில் மகள் குனிந்து, “போயிட்டு வரேம்பா” என்றாள். வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்த மாவீரர், கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தார். அது தூசி இல்லையென்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கார்தான் இப்போது கடகடத்தது. கடகடத்த காரை மகள் அவ்வூர்ப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்த, அங்கே எதிர்ப்பட்டார் சட்டைப்பையில் ஐந்து பேனா செருகிய மெக்கானிக் ஒருவர், தம் கை ஸ்பேனரைப் பார்த்ததுமே இஞ்சின்களுக்கு வியர்க்கும்படியான ஆர்வம் மிக்கவர். பானெட்டைத் தூக்கினார். இரண்டு முறை தலையசைத்தார். “உள்ளே தட்டுதும்மா. இஞ்சினை இறக்கிப் பிரிச்சாத்தான் என்னன்னு தெரியும். ஒரு வாரம் ஆயிடும்” என்றார். மறுநாளோ அவளுக்கு ஒன்பது பண்ணைகளில் தடுப்பூசி. வேலையில் சேர்ந்து முதல் மாதம். “எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள். ஐம்பேனா வீரர் பெருந்தன்மையோடு, “கேளுங்க. நான் டீ குடிச்சிட்டு வந்திடறேன். வந்ததும் கை வச்சிடுவேன்” என்று அருளிச் சென்றார்.

செய்தி கேட்ட நம் தலைவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் அறைந்தார். “என் கை பட்ட இஞ்சின் உள்ளே தட்டாது! வீடியோவுல வா பாப்பா, நான் கேக்கறேன்!” என்று முழங்கினார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஸ்கூட்டர்க்காரர் தம் இருக்கையைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வேலைச்சீட்டுகளுக்கிடையே லேப்டாப் திறந்தது. மகளின் முகம் தோன்றியது. அவள் போனைத் திறந்த பானெட்டுக்குள் நீட்டிப் பிடித்தாள். தலைவர் தம் புகழ்பெற்ற வலச்செவியை ஒலிபெருக்கியின்மேல் ஒட்டவைத்து, உலகத்தையே மறந்து காத்திருந்தார்.

“கேக்குதாப்பா?”

“முதல்ல ஸ்டார்ட் பண்ணும்மா.”

“ஓடிக்கிட்டுதாம்பா இருக்கு!”

அந்தோ! திரையில் இஞ்சின் குலுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. மகள் பேசுவது மணி மணியாய்க் காதில் விழுகிறது. ஆனால் கடகடப்பு இல்லை, உறுமல் இல்லை, ஒரு சின்னச் செருமல்கூட இல்லை. வலச்செவியை எடுத்து இடச்செவியை வைத்தார். அதிலும் இல்லை. வேலைச்சீட்டிலிருந்து தலையெடுக்காமலே இல்லத்தரசியார் ஆணையிட்டார்: “ஆறு மாசமா சொல்றேன், காது டாக்டரைப் பாருங்கன்னு. யாரு கேக்கறா?”

இந்த இடத்தில் நம் சிரிப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வோம். மகாவீரருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. காது மெக்கானிக்கிடமிருந்து காதைக் கழித்தால் எஞ்சுவது எல்லாத் தெருவிலும் இருக்கும் இன்னொரு மெக்கானிக்தானே! மகள் நம்பி அழைத்த முதல் நாளிலேயா அது கைவிட வேண்டும்? நெற்றி வியர்வையைக் கிரீஸ் கையால் துடைத்து நெற்றியையும் கறுப்பாக்கிக்கொண்டார். ஆயினும் வீரர் வீரரல்லவா! பழுது தம்மிடமில்லை, இந்தப் பெட்டியிடம்தான் என்று நெஞ்சுக்கு உரமேற்றி, செயலியின்மேல் படையெடுத்தார்.

திரையின் மூலையில் ஒரு பற்சக்கரம் தெரிந்தது. கியரைக் கண்டால் விடுவாரா? நம்ம ஆளுதான் என்று உற்சாகமாகத் தொட்டார், தொட்ட மாத்திரத்தில் அமைப்புகளின் கோட்டைக்கதவு திறந்து, திருகுகளும் தாழ்களும் பொத்தான்களும் அணியணியாய் எதிரே வந்து நிற்க, முதலில் ஒலி அளவை உச்சிக்கு ஏற்றி, அது பயன்படாமை கண்டு ஒலிபெருக்கியை மாற்ற, பாட்டுக் கேட்பதற்காக உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த ப்ளூடூத் பெட்டியிலிருந்து “அப்பா!” என்று மகளின் குரல் இடியாய் இறங்கி ஸ்கூட்டர்க்காரரை எழுந்து நிற்கச் செய்ய, அதைப் பதறி மாற்றி, அடுத்த பொத்தானை அழுத்த, பட்டறையும் டயர்களும் மறைந்து நம் தலைவர் ஒரு நீலக் கடற்கரையில் பனியனோடு நின்றார்.

“அப்பா, பின்னாடி கடல் தெரியுது. கையை வேற தூக்கியிருக்கீங்க, திரை மூலையில மஞ்சளா ஒரு கைப்படம்.”

“நான் எங்கம்மா தூக்கினேன்? ரெண்டு கையும் இங்கதான் இருக்கு.”

கடலை விட்டு மீளும் வழியில் முகத்துக்கு மெருகேற்றும் திருகொன்று கைபட்டுத் திரும்பியது. சுருக்கங்கள் ஓடி ஒளிந்தன. மீசை பாதியாய்க் கரைந்தது. இருபது வயது குறைந்த நம் தலைவரைக் கண்டு இல்லத்தரசியார் அன்று முதன்முதலாக எழுதுவதை நிறுத்தினார். “இது நல்லா இருக்கு. இதை மட்டும் மாத்தாதீங்க” என்றார். பின்னர் பேசுவதை எழுத்தாய்க் காட்டும் வசதி விழித்துக்கொண்டு, மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திரையின் அடியில் வரிவரியாய் எழுதிற்று. இஞ்சின் சொன்னதற்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. களத்தில் கிடைத்த அந்த முதல் துப்பை நம் வீரர் மிதித்துக்கொண்டே கடந்துபோனார். நமக்கே எரிச்சலாக வருகிறது. என்ன செய்வது!

கடைசியில், கோட்டையின் கோடி அறையில், பகைவன் அகப்பட்டான். ‘பின்னணி இரைச்சலை அடக்கு’ என்று ஒரு கட்டளை. அதன் எதிரே ‘அதிகம்’ என்று ஒரு தேர்வு. படித்ததும் தலைவருக்கு உச்சந்தலை சூடேறிற்று.

“இரைச்சலா? இஞ்சின் பேசறது இரைச்சலா? யாருடா அவன் சொன்னவன்?” என்று கர்ச்சித்து, ஒரே அழுத்தில் அதை அணைத்தார். அணைத்த கையோடு காதை மறுபடியும் ஒட்டவைத்தார். ஒன்றுமில்லை. பெட்டிக்குள் வெறும் நிசப்தம். நாற்காலியில் சாய்ந்தவர், “சரி பாப்பா. அவரையே பிரிக்கச் சொல்லு. எனக்குத்தான் காது போச்சு போல” என்றார். அந்தக் குரலைக் கேட்க நமக்கே கஷ்டமாக இருந்தது.

ஆனால் மகள் திடுக்கிட்டுப் போனைக் காதருகே கொண்டுபோனாள்.

“அப்பா, அது என்ன டமடமன்னு?”

“எது?”

“பின்னாடி! நம்ம கம்ப்ரசரா அது?”

காற்றடிக்கும் கம்ப்ரசர் காலை முதல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நேற்றும் ஓடியது, போன வாரமும் ஓடியது. “ஒரு மாசமா வீடியோவுல பேசறோம், ஒரு நாளும் இது கேட்டதில்லையேப்பா. பட்டறையில வேலையே இல்லையோ, எங்கிட்ட மறைக்கிறீங்களோன்னு நெனச்சேன்” என்ற மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறந்தது முதல் அவளைத் தூங்கவைத்த சத்தமல்லவா அது!

“நானும்தான்,” என்றார் தந்தையார். “மாட்டு டாக்டர்ங்கறா, ஒரு மாடுகூடக் கத்தலையே, ஆபீஸ்லயே உக்கார வச்சுட்டாங்களோன்னு…”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மூக்கை உறிஞ்சினர். காரியத்தில் கண்ணாக இருந்தவர் ஒருவரே. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, எழுந்து நின்று, இப்போர் முழுமைக்குமான தீர்ப்பை வழங்கினார்.

“நம்ம பக்கம் அணைச்சோம், அவளுக்குக் கேட்டுச்சு. அப்போ உங்களுக்குக் கேக்கணும்னா அவ பக்கம்தானே அணைக்கணும்? ஏண்டி, உன் போன்ல அந்தக் கியரைத் தொடு. ரெண்டு பேரும் அழுதது போதும்.”

ஆம், அதுவே மர்மம். மனிதர் பேச்சல்லாத எதையும் குப்பையென்று கருதி, பேசுகிறவரின் வாசற்படியிலேயே கூட்டித் தள்ளிவிடும் குணம் அச்செயலிக்கு. கேட்கிறவர் தம் காதை என்ன குடைந்தாலும் பயனில்லை. வேண்டாததை வடிகட்டும் அவ்வித்தையை முப்பதாண்டுக்கு முன்பே இல்லறத்தில் பயின்று தேர்ந்த நம் தலைவர், எதிரியின் ஆயுதத்தை முதற்கணத்திலேயே அடையாளம் கண்டிருக்க வேண்டும். அவர் காணவில்லை, அம்மையார் கண்டார்.

இதற்குள் அங்கே ஐம்பேனா வீரர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். பின்னே இஞ்சின் தூக்கும் சங்கிலி தரையில் இழுபட்டு வந்தது. மகளின் விரல் பட்டியல் பட்டியலாய் ஓடியது. வீரரின் ஸ்பேனர் முதல் போல்ட்டை நெருங்கியது. “ஒரு நிமிஷம்ணா, ஒரே நிமிஷம்!” என்று அவள் கத்திக்கொண்டே சத்தத்தை வடிகட்டாமல் அனுப்பும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற பொத்தானை அழுத்தி, போனை அவர் கையிலேயே திணித்துவிட்டு, ஓடிப்போய் ஸ்டியரிங் முன் அமர்ந்தாள்.

வந்தது ஒலி! அடைத்த குழாய் திறந்தாற்போல் குபுக்கென்று வந்தது. தலைவர் வலக்கையை உயர்த்தினார். இல்லத்தரசியார் கம்ப்ரசரை நிறுத்தினார். ஸ்கூட்டர்க்காரர் இருமலை விழுங்கினார். கண்கள் மூடின, வலச்செவி முன்னே சாய்ந்தது, மீசையின் நீண்ட பக்கம் மட்டும் லேசாகத் துடித்தது.

“லேசா மிதி. ம்… விடு. இன்னொரு தடவை. போதும்.”

பத்தே நொடி. பிறகு எழுந்து நின்று, மேசைமேல் கையூன்றி, திரைக்கு அப்பாலிருந்த பட்டறையே கேட்கப் பறைசாற்றினார்: “இஞ்சின்மேல யாரும் கை வைக்கக் கூடாது! உள்ள தட்டலை, அடியில தட்டுது! தகடு! முன்பக்கம், இடது பக்கத்து போல்ட்டு…”

கடைசிச் சொல்லை எட்டியபோது முழக்கம் ஏனோ சற்று இறங்கியது.

ஐம்பேனா வீரர் நம்பாமலே வண்டிக்கடியில் நுழைந்தார். ஸ்பேனர் இரண்டு சுற்றுச் சுற்றியது. கடகடப்பு நின்றது. சீரான, சுத்தமான ஓட்டம் பட்டறையின் நான்கு சுவரையும் வந்து தொட்டது. மகள் இருக்கையிலேயே குதித்தாள். வீரர் வெளியே வந்து, தோல்வியை ஆண்மையோடு ஏற்று, போனை நோக்கிக் கும்பிட்டார்.

“ஐயா, காதுன்னா அது உங்க காதுதான். அதை நான் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், இந்தத் தகட்டை மாட்டினவன் எவன்யா? மூணு போல்ட்டைக் கை ஒடிய முறுக்கியிருக்கான், நாலாவதைச் சும்மா சொருகிட்டுப் போயிருக்கான். அவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா?”

மகள் போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. “அப்பா? அவர் கேக்கறாரு பாருங்க. யாருப்பா மாட்டினது?”

தடையற்ற, வடிகட்டாத, துல்லியத்திலும் துல்லியமான ஒலியில் அக்கேள்வி பட்டறையெங்கும் கேட்டது. ஸ்கூட்டர்க்காரருக்குக்கூடக் கேட்டது. செவிச்செல்வராம் நம் தலைவர் திரையருகே குனிந்தார், கண்களைச் சுருக்கினார், கையைக் காதருகே குவித்தார்.

“ஹலோ? ஹலோ? பாப்பா, ஒண்ணுமே கேக்கலையேம்மா… ஹலோ?” என்று சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

இல்லத்தரசியார் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெல்லத் தம் போனை எடுத்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காது டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று.