பொருத்தம் பார்க்க மறுத்த பொட்டி

பிளாப்பியைச் சொருகியதும் அதிலுள்ள பெயர்கள் திரையில் வந்துவிட்டால், எல்லாமே ஓடிவிடும் என்று நம்பியவன் நான். மண்டப வாசலில் பெயர்ப்பலகையைப் படித்தவுடனே பந்தியில் கை நனைத்துவிட்டதாக நினைக்கிற ஆள்.

எனக்கு அப்போது இருபது வயது. நாகல் நகரில் மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன் (இரண்டாவது மாதம் மஞ்சள்காமாலை). வீட்டில் மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. டிவியில் மாட்டினால் 'எம்.எஸ்.எக்ஸ். டாஸ்' என்று எழுத்து வரும். கோர்ஸில் பார்த்ததும் எம்.எஸ். டாஸ்தானே? பங்காளிகள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அக்காவைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தார்கள். கம்ப்யூட்டர் ஜோசியத்துக்கு ஊரே பித்துப் பிடித்து அலைந்த காலம். மாப்பிள்ளையின் அம்மா, இரண்டு ஜாதகத்தையும் ஏற்றிய பொருத்தம் பார்க்கும் பிளாப்பியோடு வந்திருந்தார்.

"கம்ப்யூட்டர் கடையில போட்டுப் பாத்துட்டு முடிவு சொல்றோமுங்க."

"கடை எதுக்கு அத்தை? நம்ம வீட்லயே பாக்கலாம்!" என்றேன். (நாக்கில் சனி.)

பிளாப்பியைப் போட்டேன். பெயர்கள் வரிசையாக வந்தன. சபையைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொருத்தப் புரோகிராமின் பெயரை அடித்து எண்டரைத் தட்டினேன். திரையில் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு புழுவாக நெளிந்தது. 'கீ' என்று ஒரு சத்தம். அப்புறம் மயான அமைதி.

"ஏலே, என்னாச்சு?" என்றார் அப்பா.

"யோசிக்குதுப்பா."

அணைத்துப் போட்டேன். மறுபடி புழு. மூன்றாம் தடவை டிவி தலையில் தட்டினேன், பிளாப்பியை ஊதினேன், மனசுக்குள் பழனிக்கு மொட்டை நேர்ந்தேன். அதற்கும் புழுதான்.

"ஏனுங்க தம்பி, மூணு தடவையும் பொட்டி வேண்டாம்னு சொல்லுதுங்களே!" அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு வேட்டி நனையாதது ஒன்றுதான் பாக்கி.

பட்டுப்புடவையோடு அக்கா வெளியே வந்தாள். கையில் அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகம்; நான் பிரித்தே பார்க்காதது.

"அத்தை, ஜாதகத்துல கோளாறு இல்ல. இவன்கிட்டதான். இந்த டாஸ், பிளாப்பியில எழுதுற முறைய மட்டும் எம்.எஸ். டாஸ்கிட்ட வாங்கிக்கிச்சு. அதான் பேரு தெரியுது. உள்ள இருக்க மூளை வேற. இதுல சிபிஎம் புரோகிராம்தான் ஓடும்." (கட்சி இல்லை. இதற்கும் முந்தைய ஒரு டாஸ்.)

அதுவரை மைசூர்பாகையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "நானே கடைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேனுங்கம்மா" என்று பிளாப்பியோடு கிளம்பினார். அரை மணியில் திரும்பினார்.

"எல்லாம் பொருந்துதுங்க."

தட்டு மாற்றினார்கள். இன்றைக்கும் நான் எதையாவது "எனக்குத் தெரியும்" என்றால் போதும், அத்தான் ஆரம்பித்துவிடுவார்: "மாப்ளே, பேரு மட்டும் காட்டுவியா, ஓடவும் செய்வியா?" என் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள்.

அவருடைய அம்மா காலமான பிறகுதான் அத்தான் உண்மையைச் சொன்னார். கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பிளாப்பி ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. வந்தது, பத்துக்கு மூன்று பொருத்தம்.