பிருந்தா தோற்ற காப்பிப் போட்டி

எங்கள் வீட்டுப் பில்டரில் டிகாஷன் இறங்குவது நின்றுபோனது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்று காலையே தீர்மானம் செய்தேன்.

என் பெயர் ஐயம்பெருமாள். பாளையங்கோட்டையில் வாசம். மோதி நசுங்கிய வண்டிகளைச் சுற்றிவந்து, எதனால் மோதியது, யார் மேல் தப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். லாரிக்காரன் சொல்வதை நம்பமாட்டேன். பிரேக் சொல்வதைத்தான் நம்புவேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு பில்டர் மக்கர் பண்ணினால் சும்மா இருக்க முடியுமா?

பில்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டையெல்லாம் திறந்தேதான் இருந்தது. ஊசியால் குத்தினேன். ஊதினேன். தட்டினேன். மறுநாளும் சொட்டு விழவில்லை. யோசித்து யோசித்து என் தலையில்தான் சொட்டை விழுந்தது.

"ஏட்டி பிருந்தா, பொடிய மாத்துனியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"இல்லையே. அதே கடை, அதே பொடி."

"தண்ணி?"

"தாமிரபரணித் தண்ணிதான். ஆறு மாறிட்டுன்னா பேப்பர்ல போட்டிருப்பாம்லா?"

"அப்ப பில்டருக்கு வயசாயிட்டு. நம்பி வைக்கிற மாதிரி ஏதாச்சும் புதுசா வாங்கிருவோம்."

பிருந்தா இடுப்பில் கை வைத்தாள். "ஒண்ணும் வேண்டாம். இது எங்கம்மா குடுத்த பில்டரு. இதுக்கு எந்த மெசினும் ஈடாகாது. அடுக்களையப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. சட்டையை மாட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பாத்திரக்கடை முகம்மது மைதீன் பொறுமைசாலி. அன்று அந்தப் பொறுமைக்கே சோதனை. கரண்டில் ஓடும் மெஷினை எடுத்து வைத்தார்.

"கரண்டு போனா?"

"வந்த பொறவு குடிக்கணும் அண்ணாச்சி."

கண்ணாடிக் குவளை ஒன்று. பொடியும் வெந்நீரும் போட்டு, மேலிருந்து கம்பியால் அமுக்க வேண்டுமாம்.

"கீழ விழுந்தா?"

"பெருக்கணும்."

பிறகு ஒரு அலுமினியக் கூஜாவை எடுத்தார். அடியில் தண்ணீர், நடுவில் பொடி. அடுப்பில் வைத்தால் ஆவி தண்ணீரை மேலே தள்ளும். மேலறையில் டிகாஷன் வந்து நிற்கும். எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை நாளும் காப்பி மேலிருந்து கீழே இறங்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்! கழற்றினேன், பூட்டினேன், மறுபடி கழற்றினேன்.

"இதுல கெட்டுப்போகுத சாமான் எது?"

"ஒரு ரப்பர் வாஷர். போனா மாத்திக்கிடலாம். ஆமா, வீட்ல காப்பி போடுதது யாரு?"

"வீட்டுக்காரிதான்."

"அப்ப அவுகளையில்லா கூட்டிட்டு வந்திருக்கணும்?"

"அவளுக்கு என்னவே தெரியும்?" என்றேன்.

மைதீன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொதிந்து கொடுத்தார். ஆபீசில் எந்த மேனேஜருக்கும் கூஜா தூக்காதவன் நான். அன்று தூக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

முதல் தடவை தீ அதிகம். டிகாஷன் கஷாயமாகக் கசந்தது. அடுத்த தடவை தீயைக் குறைத்து, மூடியைத் திறந்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு. நடுக்குழாயின் வாயில் தேன் மாதிரி ஒரு கறுப்புத் துளி எட்டிப் பார்த்தது. அடுக்களையெல்லாம் மணம். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டினேன்.

"ரொம்பத்தான்," என்றாள் பிருந்தா. "போட்டி வச்சிருவோம். நீங்க கூஜால போடுங்க. நான் பில்டர்ல ராத்திரியே போட்டு வைக்கேன், எறங்குத மட்டும் எறங்கட்டும். எது நல்லதுன்னு கோமு சொல்லட்டும்."

கோமு பக்கத்து வீட்டுக்காரி. பிருந்தாவை 'மதினி' என்றுதான் கூப்பிடுவாள். இருவரும் ஒரே கட்சி. நான் தோற்பது உறுதி என்றே நினைத்தேன்.

கோமு பிருந்தாவின் தம்ளரில் ஒரு வாய் குடித்தாள், முகம் சுருங்கியது. என்னுடையதில் ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடினாள். "அண்ணாச்சி, இதுல்லா காப்பி! மதினி போட்டது கழனித்தண்ணி."

பிருந்தாவும் என் காப்பியைக் குடித்துப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இத்தனை வருசம் நான் ஒங்களுக்குக் குடுத்தது காப்பியே இல்லங்க. இனி இந்த வீட்ல காப்பி ஒங்க கைதான். நான் கூஜாவத் தொட மாட்டேன்."

வெற்றி பெற்றவனுக்குப் பெருந்தன்மை வேண்டாமா? "சரி, அழாத," என்றேன்.

மறுநாள் விடியலில் யாரோ என் தோளை உலுக்கினார்கள். "பால் வந்துட்டு," என்றாள் பிருந்தா. நான் அடுக்களையில் நின்றேன். அவள் நாற்காலியில் கால் நீட்டிப் பேப்பர் படித்தாள். திசையன்விளையிலிருந்து அவள் சித்தப்பா குடும்பம் வேன் நிறைய வந்தது. "எங்க வீட்டு அவுக கையால குடிச்சுப் பாருங்க," என்று ஆளாளுக்கு இரண்டு ரவுண்டு கொடுக்க வைத்தாள். புகழ்ச்சியில் நான் குளிர்ந்தேன், நெருப்பில் வெந்தேன்.

அவர்கள் போன மாலை, புழக்கடைக் குழாயில் கூஜாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கோமுவின் குரல்.

"எங்க வீட்லயும் அதே மாதிரி கூஜா வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காக மதினி. சரி வாங்குங்கன்னுட்டேன்."

"கோட்டிக்காரி! ஒடனே சரின்னா எப்படி? வேண்டாம்னு சண்டை போடு. அப்பதான் வீம்புக்கு வாங்குவாக. பொறவு போட்டி வச்சுத் தோத்துரு."

"தோக்கதுன்னா?"

"பில்டர்ல பொடிய நல்லா இறுக்கி அமுக்கு. சொட்டு எறங்காது. நான் அந்த வாரம் பூரா அப்படித்தான செஞ்சேன்? போட்டி அன்னைக்கி பழைய டிகாஷன்ல வெந்நிய ஊத்து. போதும்."

"நீங்க அழுதியளே?"

"வெங்காயம் உரிச்ச கையத் தொடச்ச முந்தானை."

"அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? இம்புட்டு நல்லா போடப் படிச்ச மனுசன் வேணும்னே கெட்டதா போடுவாரா?"

போடுவேன்! நாளைக் காலைக் காப்பியில் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்தேன். விடிந்ததும் தீயைக் கூட்டி வைத்தேன். கசக்கட்டும். ஆனால் அந்தப் பெருமூச்சு கேட்டதும் என் கை தானாகப் போய்த் தீயைக் குறைத்துவிட்டது.

பிருந்தா ஒரு வாய் குடித்தாள். "நேத்தவிட நல்லாருக்கு. ஏங்க, தோசைக்கல்லு ஒட்டுது. இரும்புக்கல்லு வாங்கலாமா, நான்ஸ்டிக் வாங்கலாமா? எனக்கு ஒரு எழவும் தெரியல."

எல்லாம் எனக்குப் புரிந்தது. முந்தின நாள் கேட்டது ஒவ்வொன்றும் காதில் ஒலித்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் ஒட்டுது? நடுவிலயா, ஓரத்திலயா?" என்று யாரோ கேட்டார்கள்.

நான்தான்.