தனியா யாரு கூட?

தனியாக ஒரு பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்வது. ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் ஊரில் வாய்விட்டுக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. போனில் தேடினாலே போதும்.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில் மட்டும்தான். செங்கத்தில் கட்டிக்கொடுத்த மகளோடு பேசுபவர்கள், கிரிக்கெட் பார்ப்பவர்கள், கோபித்துக்கொண்டு போன மருமகனைச் சமாதானம் செய்பவர்கள், எல்லோருக்கும் அந்தப் படிக்கட்டுதான். யார் எதற்கு அழுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே பொதுச் சொத்து. ஒரு சாயங்காலம் நானும் போய் உட்கார்ந்து, காதில் புளூடூத்தைச் செருகிக்கொண்டு ஒரு வீடியோவைப் போட்டேன். புளூடூத் காதில்தான் இருந்தது, போனோடு சேரவில்லை. (இந்த லட்சணத்தில் என் வேலை கம்ப்யூட்டர் ஆபரேட்டராம்!) "தனியாகப் பயணம் செய்ய நினைக்கும் பெண்களே! குறைந்த செலவில் நீங்கள் போய் வரக்கூடிய வெளிநாட்டு நகரங்கள்..." என்று அந்த ஆள் தேர்தல் பிரசாரம் மாதிரி முழங்கினார். காதை அடைத்துக்கொண்டிருந்ததால் எனக்கு மட்டும்தான் சரியாகக் கேட்கவில்லை. அதனால் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது படிக்கட்டில் ஒருவரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சாந்தி. ஜமுனாமரத்தூரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. மலை முழுக்க இருக்கிறவர்களுக்குச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள், கூட்டமில்லாத ஒரு மதியத்தில் எனக்கே ஒரு பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிட்டேன். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அதுவரை ஒரு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்ததே இல்லை. பிறந்த வீட்டில் அக்கா தங்கைகள், படிக்கும்போது ஹாஸ்டல், கல்யாணத்துக்குப் பிறகு கணவர், பிள்ளைகள், மாமியார். மழைக்காலம் வந்தால் ஆட்டுக்குட்டிகளும் உள்ளே வந்துவிடும். யார் மேலும் எனக்குக் கோபமில்லை. ஒரே ஒரு தடவை, என்னை யாருக்கும் தெரியாத ஒரு ஊரில், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு தெருவில் நடக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் ஆசை. ஆனால் அது உடம்பில் முள் ஏறின மாதிரி, நடக்கும்போதெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் மனதுக்குள் வைத்திருந்தது நாலு ஊர். ஹனோய், பாங்காக், கோலாலம்பூர், கொழும்பு. அறை மலிவாக இருக்க வேண்டும், ஒரு பொம்பளை சாயங்காலம் பயமில்லாமல் நடக்க முடிய வேண்டும், யாரும் "நீ யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்கக்கூடாது. இந்த மூன்றுக்கும் ஹனோய்தான் பொருத்தம் என்று முடிவே செய்திருந்தேன். ஏரிக்கரையில் குட்டி நாற்காலி போட்டுக் காபி குடிக்கிறார்களாம். அந்த நாற்காலியில் நான் ஏற்கனவே மனதளவில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் விஷயம் படிக்கட்டுக்குப் போய்விட்டது. அங்கே அன்றைக்குச் சின்னத்தம்பி அண்ணனும் இருந்தார். மலேசியாவில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லா வெளிநாட்டுக்கும் எங்கள் ஊரில் அவர்தான் அதிகாரி.

"கோலாலம்பூர் போம்மா. நம்ம ஆளுங்க கீறாங்க. ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிக்கினு போவாங்க. உன்ன தனியா வுடவே மாட்டாங்க" என்றார்.

அந்த நிமிஷமே கோலாலம்பூர் என் மனதிலிருந்து விழுந்தது.

"பாங்காக் எப்படிண்ணா?"

படிக்கட்டில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சரி, அதுவும் போயிற்று.

"ஹனோய்?"

"அது எங்க கீது?"

"வியட்நாம்ல."

"அங்க சண்ட நடக்குதேம்மா?"

"அது முடிஞ்சி ரொம்ப வருஷம் ஆச்சிண்ணா."

"நமக்கு யாரும் சொல்லலியே" என்றார், மனக்குறையோடு.

நான் படி இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. என் மாமியார் சின்னபாப்பா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். கையில் மரக்கட்டை. அவர் பேசுவதே புளி தட்டுகிற மாதிரிதான் இருக்கும், ஒரு வார்த்தைக்கு ஒரு அடி.

"இன்னாமோ வெளிநாடு போறியாமே?"

"ஆமாங்க அத்த. அஞ்சு நாளுதான்."

"யாரு கூட?"

"தனியாதாங்க."

"அதான் கேக்கறேன். தனியா யாரு கூட?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறார். எங்கள் ஊரில் 'தனியாகப் போனேன்' என்றால் புருஷன் இல்லாமல், நாத்தனாரையோ பக்கத்து வீட்டுக்காரியையோ கூட்டிக்கொண்டு போனேன் என்றுதான் அர்த்தம். யாருமே இல்லாமல் போவதற்கு அவரிடம் வார்த்தையே இல்லை.

என் கணவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு செங்கம் சந்தைக்குப் போவார். நல்ல மனுஷர். "தாராளமா போய்ட்டு வா சாந்தி. அம்மாவ மட்டும் நீ பாத்துக்கோ, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். (மீதி என்று ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.)

அத்தை கட்டையைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழம கோயிலுல பூ போட்டு கேப்போம். அம்மா போவச் சொல்லிட்டா நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

எங்கள் ஊரில் பெண் கொடுப்பதென்றாலும், மாடு விற்பதென்றாலும், போர்வெல் போடுவதென்றாலும் காளியம்மனிடம் பூ கேட்காமல் நடக்காது. பூசாரி இரண்டு அரளிப் பூவை நனைத்து அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டவைப்பார். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் கூடாது. எதுவும் விழாவிட்டால் அம்மனுக்கு அதில் அக்கறை இல்லை என்று அர்த்தம். ஒரு பூவுக்கு ஒரு கேள்வி, அதைக் கேட்பதும் ஒரே வாய்தான் என்பார் பூசாரி. இதுதான் முறை. ஆனால் இதுவரை அம்மனிடம் யாரும் நகரங்களின் பெயரைக் கொண்டுபோனதில்லை.

வெள்ளிக்கிழமை ஊரே வந்துவிட்டது. நானும் பூசாரிக்குச் சொல்லிக் கொடுத்து, முதலில் ஹனோயைக் கேட்கவைத்தேன். அவர் அந்தப் பெயரைச் சொல்லி வாயை மூடவில்லை, இடப்பக்கப் பூ பொத்தென்று விழுந்தது. என் ஏரி, என் குட்டி நாற்காலி, காபி எல்லாம் அதோடு சேர்ந்து விழுந்தது. பாங்காக்கைக் கேட்கவே அத்தை விடவில்லை. ("அந்தப் பேர கோயிலுல சொல்லாத!") அடுத்து, சின்னத்தம்பி அண்ணன் விடாமல் கேட்டதால், புதுப் பூ ஒட்டிக் கோலாலம்பூர். பூ இரண்டும் அசையவில்லை. சின்னத்தம்பி அண்ணனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

மிச்சம் கொழும்பு. டிக்கெட் மலிவு, விசாவைக் கம்ப்யூட்டரிலேயே வாங்கிவிடலாம், சாப்பாடும் ஒத்துப்போகும். இதுவாவது கிடைக்கட்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். "தாயே, இந்தப் பொண்ணு கொழும்புக்கு தனியா போவலாமா?" என்று பூசாரி கேட்டார். பூ விழவில்லை. கால் மாற்றி நின்றோம். ஒரு ஆடு உள்ளே வந்து பார்த்துவிட்டு வெளியே போனது. வலப்பக்கப் பூ லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்திருந்த அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா தாயே, தனியா அனுப்ப மனசு வல்லியா உனக்கு? அப்ப நான் கூட போவட்டுமா?" என்றார்.

பொத்.

வலப்பக்கப் பூ.

ஊர் மொத்தமும் குலவை போட்டது. நான் மட்டும் வக்கீலாக மாறினேன். "அது என் கேள்விக்கு விழுந்த பூ! அப்பவே சாஞ்சிடிச்சி, நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

"கடைசியா கேட்ட கேள்விக்குத்தாம்மா பூ" என்றார் பூசாரி.

"ஒரு பூவுக்கு ஒரு வாயின்னு நீங்கதான சொன்னீங்க? அத்த நடுவுல பேசுனது செல்லாது! திரும்ப போடுங்க!"

"திரும்ப போடறதுக்கு இது இன்னா பரீட்சையா? அம்மா பெயிலாயிடிச்சா?"

சின்னத்தம்பி அண்ணன் தீர்ப்பு சொன்னார். "ரெண்டு கேள்விக்கும் சேத்துதான் உத்தரவு. ஊரு கொழும்பு, துணைக்கு மாமியாரு." ஊர் ஒத்துக்கொண்டது. நான் கோயில் என்றும் பார்க்காமல் மூக்கைச் சிந்தி அழுதேன். என் கணவரைத் தேடினேன். அவர் வானத்தில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அத்தையைக் கவனித்தேன். முகம் வெளுத்துப்போய் நின்றார். "நான் சும்மா ஒரு பேச்சுக்கு கேட்டேன்டி" என்றார் என்னிடம், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். திருவண்ணாமலை தீபத்தைத் தாண்டி எங்கும் போகாத மனுஷி. ஆனால் விழுந்த பூவை யார் எடுத்து ஒட்டுவது? இரண்டு பேரும் வசமாக மாட்டிக்கொண்டோம்.

அடுத்த நாளிலிருந்து இ-சேவை மையத்துக்கு வந்தவர்களெல்லாம் சான்றிதழை மறந்துவிட்டு, "இன்னாம்மா, மாமியாரோட தனியா போறியாமே?" என்று கேட்டார்கள். அத்தையின் பாஸ்போர்ட்டுக்கு நானே விண்ணப்பம் போட்டேன். தன் தலையில் போடுவதற்கான மண்ணைத் தானே அள்ளிச் சலித்த பெண் நானாகத்தான் இருப்பேன்.

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தமிழம்மா நடத்தும் சின்ன விடுதியில் இறங்கினோம். முதல் நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் இருந்தேன். அத்தை ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தார், கடையில் பிடித்தார், ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. போதாததற்கு விடுதி அம்மா முதல் கேள்வியாக, "நீங்கள் எந்த ஊர்? யாருடைய ஆட்கள்?" என்று கேட்டார். எந்தக் கேள்விக்குப் பயந்து கடலைத் தாண்டினேனோ அது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் அத்தை குளித்து, தலை முடிந்து, என் கைப்பையை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"கெளம்பு."

"நீங்க ரெடியா அத்த?"

"நான் எதுக்கு? நல்லா யோசிச்சிப் பாத்தேன். சாமி என்ன ஊருக்குதான் கூட போவச் சொன்னிச்சி. தெருவுக்கு இல்ல. நீ தனியா போய்ட்டு வா."

கோயிலில் நான் வக்கீல் மாதிரி கத்தினேன். உண்மையான வக்கீல் பேசாமல் இருந்து, எனக்காக ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வாங்கிய உத்தரவையும் மீறவில்லை, என் ஆசையையும் தள்ளவில்லை. நன்றி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சாப்ட்டுட்டு கெளம்பு" என்று அதையும் சொல்ல விடவில்லை.

அதன் பிறகு தினமும் தனியாகப் போனேன். கடலை ஒட்டி ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காலிமுகத்திடல் கடற்கரையில் இறால் வடை வாங்கி யாருக்கும் பங்கு கொடுக்காமல் முழுசாகத் தின்றேன். பெயர் தெரியாத தெருவில் திரும்பி, வழி தப்பி, வேறு வழியில் வந்தேன். ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த முள் எப்போது வெளியே வந்தது என்றுகூடத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் ஆனால் மட்டும் கால் தானாக வேகம் பிடித்து விடுதிக்கு ஓடும். பார்த்ததையெல்லாம் அத்தையிடம் சொல்லாவிட்டால் பார்த்த மாதிரியே இல்லை.

கடைசி நாள் அவரைக் கடலுக்குக் கூட்டிப்போக நினைத்தேன். பாவம், இத்தனை நாளும் அறைக்குள்ளேயே கிடந்தாரே என்று ஒரே குற்றவுணர்ச்சி.

"நான் பாத்துட்டேன்டி" என்றார்.

விடுதி அம்மா சிரித்துவிட்டார். "நீங்கள் வெளிக்கிட்டுப் போன உடனே அவவும் வெளிக்கிட்டிடுவா. தண்டவாளத்தைத் தாண்டி, கடற்கரைக் கல்லில போய் இருப்பா. மத்தியானம்தான் வருவா. ஒவ்வொரு நாளும்."

என்னால் நம்ப முடியவில்லை. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்த அதே அத்தை!

"யாரு கூட போனீங்க?" என்றேன்.

"தனியாதான்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எப்படி விடுவேன்? "தனியா யாரு கூட?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு முன்பே அந்த முள் அவருக்கும் ஏறியிருந்தது போல. அதைப் பற்றி ஒருவரும் அவரைக் கேட்டதுகூட இல்லை. ஹனோய்க்குப் போயிருந்தால் ஏரியைப் பார்த்திருப்பேன். என் மாமியாரைப் பார்த்திருக்க மாட்டேன். அன்று சரியான நேரத்தில் விழுந்த அந்த அரளிப் பூவுக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது. என் மகள் வேலூருக்குப் பரீட்சை எழுதக் கிளம்பினாலும் சரி, என் கணவர் வண்டியை எடுத்தாலும் சரி, "தனியா யாரு கூட?" என்று யாராவது கேட்காமல் யாரும் வாசல் தாண்ட முடியாது.

போன வாரம் தொட்டிப் படிக்கட்டில் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஏரி கீற ஊரு ஒண்ணு சொன்னியே, சண்ட முடிஞ்ச ஊரு. அங்க போவ ரொம்ப செலவாவுமா?"

"யாரு போவ?"

"நான்தான். தனியா."

என்னதான் தாழ்த்தினாலும் அது தொட்டிப் படிக்கட்டு. மேல்படியிலிருந்து சின்னத்தம்பி அண்ணன், "தனியா யாரு கூட?" என்றார். படிக்கட்டே சிரித்தது.

நானும் விடவில்லை. "வெள்ளிக்கிழம பூ போட்டு கேட்டுருவமா அத்த?"

"ஐயய்ய, வோணவே வோணாம்" என்று பதறி எழுந்தார் அத்தை. "கேட்டா சாமி உன்ன என் கூட அனுப்பிச்சிடும்."