எதிரொலியே இல்லாமல் என் மானம் போன கதை

எதைக் கண்டுபிடித்தாலும் பெற்ற தாயிடம் காட்டலாம். ஒரு வகுப்பறையை வைத்துக்கொண்டு மட்டும் காட்டக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் டெக்ஸாஸ் ரிச்சர்ட்சனில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். எங்கள் லேபில் பெண் என்றால் நான் ஒருத்திதான். (லேடீஸ் டாய்லெட்டுக்கு அடுத்த கட்டடம் போக வேண்டும்.) துணைக்கு ஆள் சேர்க்க, பள்ளி மாணவிகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தலாம் என்று ப்ரொபசரை நச்சரித்தேன். பக்கத்துப் பள்ளியில் போய்ப் பேசு, பத்துப் பெண்களாவது கை தூக்கினால் முகாம், இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றார்.

போனேன். ஸ்லைடு ஸ்லைடாகச் சமன்பாடுகளைப் போட்டேன். முன்வரிசையில் ஒருத்தி விட்ட கொட்டாவி வகுப்பு முழுக்கப் பரவியது. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அவளே கேட்டாள். அந்தக் காலத்தில் ஊருக்குப் போன் போட்டால் நாம் பேசுவது நமக்கே திரும்பிக் கேட்கும். அதை நீக்குவதுதான் என் ஆராய்ச்சி. சரி, காட்டியே விடுவோம் என்று அதற்காக நான் செய்திருந்த பெட்டியைப் போனில் மாட்டி, ஸ்பீக்கரில் போட்டு, ஈரோட்டுக்கு டயல் செய்தேன்.

"அம்மா, இங்க நாப்பது பேரு கேட்டுட்டு இருக்காங்க. இங்கிலீஷ்ல ஏதாச்சும் பேசு."

எனக்கு மும்முரமாக வரன் தேடிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, நாற்பது பேர் என்றால் அது மாப்பிள்ளை வீடுதான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பெண் நன்றாகச் சமைப்பாள் (பொய்). அதிர்ந்து பேச மாட்டாள் (பச்சைப் பொய்). கல்யாணம் ஆனதும் இந்தப் படிப்பையெல்லாம் மூட்டை கட்டிவிடுவாள்.

கருவி மட்டும் பிரமாதமாக வேலை செய்தது. ஒரு எழுத்துகூட எதிரொலிக்கவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ, தமிழில் கத்தினேன். "நான் படிப்ப விட மாட்டேன்மா. அம்மா அப்பாவ விட்டுட்டு எத்தன பேரு தூரமா கெடக்கறோம். அவங்க கொரலாச்சும் பக்கத்துல கேக்கட்டும்னுதான் இந்தப் பாடு படறேன்."

"கேக்குது கண்ணு," என்றாள் அம்மா. "பக்கத்துல நின்னு கத்தற மாதிரியே கேக்குது."

கடைசி வரிசையில் வித்யா என்று ஒரு பெண், அங்கேயே பிறந்தவள், எழுந்து நின்று எங்கள் சண்டை முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. முகாம் போச்சு என்று நான் பெட்டியைக் கழற்றத் தொடங்கினேன். கொட்டாவிக்காரிதான் முதலில் கை தூக்கினாள். அவளுடைய அப்பா மெக்சிகோவில் இருந்தாராம். அவளைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று இரவே அம்மாவைக் கூப்பிட்டு, பத்துக்கு மேலேயே கை தூக்கினார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதுல மாப்பிள்ளை யாரு?" என்றாள்.

இப்போதும் நான் ஏதாவது விருது வாங்கி வந்தால், என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து முதலில் கேட்பது இதைத்தான்.